உறைமோர் இருந்த ஊர்கள்

பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, படுக்கப் போகுமுன் ஒரு கரண்டி பழைய தயிரை ஊற்றிக் கலக்கி மூடிவைக்கிறோம். விடிந்தால் தயிர். பாலின் அளவு பெரிது, உறைமோரின் அளவு சிறிது. ஆனால் அந்த ஒரு கரண்டி இல்லாவிட்டால் எத்தனை லிட்டர் பால் இருந்தும் தயிர் கிடையாது. உறை ஊற்றாமல் விட்ட பால் அப்படியே இருந்துவிடவும் செய்யாது. காற்றிலும் பாத்திரத்திலும் இருக்கிற வேறு ஏதோ கிருமி அதில் பெருகி, மறுநாள் பால் திரிந்து நாறும்.

போரில் நொறுங்கிய ஒரு நாட்டுக்குள் கொள்ளைநோய் நுழைந்தால் என்ன நடக்கிறது என்பதை விளக்க எனக்கு இதைவிடப் பொருத்தமான வழி தெரியவில்லை. மருந்து, குளோரின், ஆம்புலன்ஸ், வெள்ளை உடுப்பு அணிந்த அடக்கக் குழு, அரசாணை, வெளிநாட்டுப் பணம் எல்லாம் பால். அவற்றை மக்கள் தங்கள் சொந்த வழக்கமாக ஏற்றுக்கொள்வது உறைதல். ஊருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு சிறு நம்பிக்கைதான் அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும். அது இல்லாத இடத்தில் வதந்தி பெருகும். 2014-ல் எபோலா தாக்கியபோது மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் அந்த நம்பிக்கையின் பெரிய பங்கு, போரை நிறுத்தப் பாடுபட்ட பெண்களிடம் இருந்தது. அவர்கள் அதை எப்படிச் சேர்த்தார்கள், நோய்க்காலத்தில் அது எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம்.

உறைமோரை நினைத்த நேரத்தில் உண்டாக்க முடியாது. நேற்றைய தயிரிலிருந்து எடுக்கவேண்டும், நேற்றையது முந்தாநாளையதிலிருந்து வந்திருக்கும். லைபீரியப் பெண்களின் கதையும் நோய்க்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது.

1989 டிசம்பரில் சார்லஸ் டெய்லரின் படை லைபீரியாவுக்குள் புகுந்தது. இடையில் சில ஆண்டுகள் ஓய்ந்து, 1999-ல் மீண்டும் மூண்டு, 2003 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள். 1990 ஜூலையில் தலைநகர் மன்ரோவியாவின் புனித பேதுரு லுத்தரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கணக்கானோரை அரசுப் படையினர் ஒரே இரவில் கொன்றார்கள். பின்னாளில் லெய்மா போவீ என்ற சமூகப் பணியாளர், போர்க்களத்தில் பிள்ளைகளாகவே துப்பாக்கி ஏந்தியவர்களின் மனக்காயத்தை ஆற்றும் வேலையைத் தொடங்கியது அதே தேவாலயத்தின் திட்டம் ஒன்றில்தான்.

2003-ல் அவரும் தோழியரும் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றாகத் திரட்டினார்கள். வெள்ளைச் சட்டையும் தலைத்துணியும் அணிந்து, அப்போது அதிபராகியிருந்த டெய்லரின் வாகனங்கள் போய்வரும் சாலையோரத்தில், மீன் சந்தைக்கு அருகே இருந்த திறந்த வெளியில் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நகரவில்லை. சந்தையில் கடை வைத்தவர்கள், அகதி முகாம்களில் இருந்தவர்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள், மகளுக்கு நேர்ந்ததை வெளியே சொல்ல முடியாதவர்கள் என்று பலரும் அங்கே வந்தார்கள். ஏப்ரலில் டெய்லர் அவர்களைச் சந்தித்தார். பேச்சுவார்த்தைக்குப் போகச் சம்மதித்தார். ஜூனில் கானாவின் அக்ராவில் பேச்சு தொடங்கியது. பிரதிநிதிகள் நல்ல ஓட்டலில் தங்கி வாரக்கணக்கில் இழுத்தடிக்க, ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலையில் பெண்கள் கூட்ட அரங்கின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து வழியை மறித்தார்கள். உடன்பாடு வரும்வரை எவரும் வெளியே போக முடியாது என்றார்கள். காவலர்கள் போவீயைக் கைது செய்ய வந்தபோது அவர் தன் உடைகளைக் களையத் தொடங்கினார். தாயின் வயதில் உள்ள பெண் தன்னை அப்படி வெளிப்படுத்துவது பார்ப்பவருக்குச் சாபம் என்பது அங்குள்ள நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபுபக்கர் வந்து பேசினார். ஆகஸ்ட் 11-ல் டெய்லர் நாட்டை விட்டு வெளியேறினார். 18-ம் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

உலகத்துக்குத் தெரிந்த கதை இதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு இதற்குப் பின் நடந்ததே முக்கியமாகப் படுகிறது. டிசம்பரில் ஐ.நா. படை ஆயுதங்களைத் திரும்பப் பெற முகாம் திறந்தபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு போராளிகள் வந்து குழப்பம் வெடித்தது. திட்டத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் பெண்கள் போராளிகளிடம் போய், ஆயுதத்தை எப்படி ஒப்படைப்பது, அதன்பின் என்ன கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னார்கள். 2005 தேர்தலுக்கு முன் சந்தைப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க, அவர்கள் திரும்பி வரும்வரை கடையையும் கைக்குழந்தையையும் இவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். ஆப்பிரிக்காவில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் பெண் அதிபர் அவர்.

பின்னர் சமாதானக் குடில்கள் வந்தன. லைபீரியக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்கு தீர்க்கும் கூரைக் கொட்டகை பழைய காலத்திலிருந்தே உண்டு. அங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள். போருக்குப் பின் பெண்கள் தங்களுக்கென்று அதே மாதிரிக் கொட்டகைகளை எழுப்பினார்கள். மனைவியை அடித்தவன், பிள்ளைக்குச் சோறு போடாத தகப்பன், நில எல்லைச் சண்டை என்று எல்லாம் அங்கே பேசித் தீர்ந்தன. பாலியல் வன்முறை என்றால் காவல்துறைக்குத் தகவல் போனது. சிறுசேமிப்பும் கடனும் அங்கேயே நடந்தன. பத்து வருடம் இப்படி. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் மகன் யார் வீட்டில் ஒளிந்திருக்கிறான், எந்தத் தாய் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்த பெண்களுக்குத் தெரியும். அவர்கள் சொன்னால் ஊர் கேட்கும் என்பதும் பழகிப்போயிற்று. தினமும் ஒரு கரண்டி எடுத்துவைத்தால்தான் உறைமோர் உயிரோடு இருக்கும். அந்தப் பெண்கள் பத்து வருடம் அதைத்தான் செய்தார்கள்.

2014 மார்ச்சில் கினி நாட்டிலிருந்து எல்லை தாண்டி, லைபீரியாவின் வடக்கே லோஃபா மாவட்டத்தின் ஃபோயா பகுதிக்கு எபோலா வந்தது. 40 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த நாட்டில் மருத்துவர்கள் ஐம்பது பேர் அளவிலேயே இருந்தார்கள். எபோலா நோயாளியின் வாந்தி, கழிச்சல், ரத்தம், வியர்வை வழியே பரவும். தொற்றியபின் நோய் வெளிப்பட 2 முதல் 21 நாள் ஆகலாம். இறந்தவரின் உடலில் கிருமி மிக அதிகமாக இருக்கும். ஆகவே நோயாளியைத் தொட்டுத் துடைப்பவருக்கும் பிணத்தைக் குளிப்பாட்டுபவருக்கும்தான் ஆபத்து அதிகம். அன்பு காட்டிய கை நோயை வாங்கியது என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

அரசு முதலில் சொன்ன செய்திகளில் ஒன்று, எபோலாவுக்கு மருந்து கிடையாது என்பது. அன்றைக்கு அது உண்மைதான். ஆனால் கேட்டவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? மருந்து இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகவேண்டும், வீட்டிலேயே பெற்றவள் மடியில் சாகட்டுமே. வானொலியிலும் சுவரொட்டியிலும் எவ்வளவு முழங்கினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. வெளிநாட்டுப் பணத்தைச் சுருட்ட அரசாங்கம் கிளப்பிவிட்ட கட்டுக்கதை இது என்று பலர் நம்பினார்கள். ஊழலையும் போரையும் பார்த்துச் சலித்தவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆறிச் சில்லிட்டுப்போன பாலில் உறை ஊற்றினால் காலையிலும் அது பாலாகவே இருக்கும்.

அடுத்து அரசு எதிர்த் திசைக்குப் போனது. மன்ரோவியாவில் கடலை ஒட்டிய ஒரு மண்திட்டில் சுமார் 75,000 பேர் நெருக்கியடித்து வாழும் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியில், மக்களிடம் கேட்காமல் ஒரு பள்ளிக்கூடம் நோயாளிகளை வைக்கும் இடமாக்கப்பட்டது. வேறு பகுதி நோயாளிகளையும் அங்கே கொண்டுவந்தார்கள். ஆகஸ்ட் 16-ல் கோபமுற்ற கூட்டம் அதைச் சூறையாடியது. நோயாளிகள் ஓடினார்கள். 20-ம் தேதி விடியுமுன் ராணுவமும் காவல்துறையும் முள்வேலியிட்டுப் பகுதி முழுவதையும் அடைத்தன. சோறும் வேலையும் வெளியே, மக்கள் உள்ளே. கலவரத்தில் படையினர் சுட்டார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இறந்தான். பத்து நாளில் வேலியை எடுத்துவிட்டார்கள். படையை அனுப்பியது தவறு, அது பதற்றத்தைத்தான் கூட்டியது என்று சர்லீஃபே பின்னர் ஒப்புக்கொண்டார். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினால் உறைமோரில் இருக்கும் உயிரே செத்துப்போகும். போர்க்காலத்தில் அதே சீருடைகளைக் கண்டு ஓடிய மக்களிடம் சீருடையை அனுப்பியது அப்படிப்பட்ட காரியம்.

விரல் வைத்துப் பார்த்தால் சுடாமல், இளஞ்சூடாக இருக்கும் பக்குவத்தில்தான் பால் உறையும். ஊர்ப் பெண்களின் வேலை இந்தப் பக்குவத்தில் நடந்தது. சமாதானக் குடில்களின் பெண்கள் வழக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டு வீடு வீடாகப் போனார்கள். அந்தந்த ஊர் மொழியில் பேசினார்கள். குழாய் பொருத்திய பிளாஸ்டிக் வாளியில் குளோரின் நீரை எந்த அளவில் கலப்பது என்று செய்து காட்டினார்கள். கைக்கு ஊற்றும் நீருக்குப் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு குளோரின், தரைக்கும் துணிக்கும் அதைப்போல் பத்து மடங்கு. இரண்டையும் மாற்றிவிட்டால் ஒன்று தோலைப் புண்ணாக்கும், மற்றது கிருமியைக் கொல்லாது. இதை ஒரு சுவரொட்டியால் கற்றுக்கொடுக்க முடியாது. பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை செய்து காட்டவேண்டும்.

நோயாளியோடு பழகியவர்களைக் கண்டுபிடித்து 21 நாள் கண்காணிப்பது எபோலாவை நிறுத்தும் வேலையின் மையம். அந்நியர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து யார் யார் தொட்டீர்கள் என்று கேட்டால் எவர் வாய் திறப்பார்? பெயர் சொன்னால் கொண்டுபோய்விடுவார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஊர்ப் பெண்ணுக்கோ கேட்காமலே பாதி தெரியும். மீதியைக் கேட்பதற்கு முன் அவள் ஒரு பானை சோறும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் மூன்று வாரம் ஒரு வீட்டை அடைத்துவைத்தால் பட்டினிதான் முதலில் அவர்களை வெளியே தள்ளும். சோறு வாசலுக்கு வருகிற வீட்டில் ஆட்கள் தங்கினார்கள், தங்கியதால் தொற்று அங்கேயே நின்றது.

பிணத்தை என்ன செய்வது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. லைபீரியர்கள் இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, தொட்டு விடைகொடுத்துப் புதைப்பவர்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் நாடே கல்லறைகளுக்குப் போய்க் களை பிடுங்கி வெள்ளையடிக்கும். அப்படிப்பட்ட நாட்டில், மன்ரோவியா பகுதியில் இறந்தவர்கள் அனைவரையும் எரிக்க அரசு உத்தரவிட்டது. அந்த எரியூட்டல்கள் நடந்த இடம், அங்கே குடியேறிய இந்தியர்கள் தங்கள் இந்து வழக்கப்படி தகனம் செய்வதற்காகக் கட்டிவைத்திருந்த மயானம். நமக்கு எரிப்பது மரியாதை. அவர்களுக்கோ தாய்க்கு ஒரு கல்லறைகூட இல்லாமல் போவது. எரித்துவிடுவார்கள் என்று பயந்து குடும்பங்கள் நோயாளியை மறைத்தன, இரவில் தாமே புதைத்தன. தொற்று அதிகமாயிற்று.

இங்கே அறிவுரையால் பயன் இல்லை, மாற்று ஏற்பாடு வேண்டும். சடங்கில் எதை விட்டுவிட்டால் ஆபத்து நீங்கும், எதை வைத்துக்கொண்டால் மனம் ஆறும் என்று ஊரோடு உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. குளிப்பாட்டுவதை விட்டுவிடலாம். ஜெபமும் தொழுகையும் தள்ளிநின்று நடக்கலாம். குடும்பம் உடன் நடக்கலாம், குழியைப் பார்க்கலாம், பெயர் எழுதலாம். உலக சுகாதார நிறுவனம் 2014 நவம்பரில் பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்துக்கென்று விதிமுறை வெளியிட்டது. டிசம்பர் இறுதியில் மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் அடக்க நிலம் திறக்கப்பட்டது, எரிப்பது நின்றது. நோய் முதலில் நுழைந்த லோஃபாவில், தொடக்கத்தில் சுகாதாரக் குழுக்களைத் தாக்கி விரட்டிய மக்களே பின்னர் ஒத்துழைத்தார்கள். ஃபோயா சிகிச்சை முகாமில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று உறவினர் நோயாளியோடு பேச இடம் அமைத்தார்கள். பிழைத்தவர்கள் ஊர் திரும்பிச் சாட்சி சொன்னார்கள். மற்ற பல இடங்களுக்கு முன்பே, 2014 அக்டோபர் வாக்கில், அங்கே தொற்று வெகுவாகக் குறைந்துவிட்டது.

பெண்கள் மட்டுமே எபோலாவை நிறுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. கிராமத் தலைவர்கள், இமாம்கள், போதகர்கள், இளைஞர்கள், உயிரைப் பணயம் வைத்த செவிலியர்கள், வெளிநாட்டு மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. உறைமோர் மட்டும் இருந்து பால் இல்லாவிட்டாலும் தயிர் கிடையாது. படுக்கையும் ஆய்வகமும் ஆம்புலன்ஸும் வரும்வரை ஊர்ப் பெண்கள் எவ்வளவு பேசியும் மரணங்கள் தொடர்ந்தன. லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் இறந்தார்கள். நோய் கடுமையாகப் பரவிய மூன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் சேர்த்து 11,300 பேருக்கு மேல்.

உவமை ஓரிடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லவேண்டும். உறைமோருக்கு வலிக்காது. இந்தப் பெண்களுக்கு வலித்தது. எல்லைகளும் வாரச் சந்தைகளும் மூடப்பட்டபோது முதலில் கைமுதலை இழந்தவர்கள் அவர்கள். அனாதையான பிள்ளைகளைத் தொட அஞ்சிய ஊரில், அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப்போனவர்களும் அவர்களே. பெரும்பாலோருக்கு இதற்குச் சம்பளம் இல்லை.

இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து பார்க்க காங்கோவுக்குப் போகலாம். 2018 ஆகஸ்டில் கிழக்குக் காங்கோவின் வட கிவு மாகாணத்தில், ஆயுதக் குழுக்கள் நிறைந்த பெனி, புட்டெம்போ பகுதிகளில் எபோலா பரவியது. இந்த முறை லைபீரியாவுக்குக் கிடைக்காத ஒன்று கையில் இருந்தது: வேலை செய்யும் தடுப்பூசி. பணமும் வாகனங்களும் ஆட்களும் குவிந்தன. இருந்தும் 2020 ஜூன் வரை நோய் நீடித்தது. சுமார் 3,470 பேருக்குத் தொற்று, 2,287 பேர் மரணம். சிகிச்சை முகாம்கள் எரிக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் ரிச்சர்ட் மூசோக்கோ என்ற மருத்துவர் புட்டெம்போவில் ஒரு மருத்துவமனையில் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளாகப் படுகொலைகள் நடந்தபோது எவரும் வரவில்லை, எபோலா வந்ததும் இத்தனை வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பாதுகாப்புக்காகப் படையினரைத் துணைக்கு அழைத்துவந்தது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

பாத்திரமும் சுத்தமாக இல்லை. வேலை தருகிறோம் என்று சொல்லி உள்ளூர்ப் பெண்களை நோய்த்தடுப்புப் பணியாளர்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கினார்கள். இதை விசாரித்த சுயாதீன ஆணையத்தின் இரு தலைவர்களில் ஒருவர் ஜூலியன் லுசெங்கே. கிழக்குக் காங்கோவின் போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக 2000-லிருந்து அமைப்பு நடத்திவருபவர். 2021 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கை, குற்றம் சாட்டப்பட்ட 83 பேரில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தால் பணியமர்த்தப்பட்டவர்கள் என்றது. உள்ளூர்ப் பெண்களின் அமைப்புகளை முதல் நாளிலேயே மேசையில் உட்காரவைத்திருந்தால், இந்தப் புகார்கள் இத்தனை காலம் புதைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கெட்ட வாசனை முதலில் அவர்களுக்குத்தான் தெரியும்.

2020 மார்ச் 16-ல் லைபீரியாவில் முதல் கோவிட் நோயாளி கண்டறியப்பட்டார். குழாய் வாளிகள் மறுபடி வாசலுக்கு வந்தன. எப்படிக் கலப்பது என்று எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதே மாதம் 23-ம் தேதி ஐ.நா. பொதுச்செயலர் அந்தோனியோ குட்டெரெஸ், உலகெங்கும் போர்களை நிறுத்துங்கள் என்று வேண்டினார். பாதுகாப்பு அவை அதை ஆதரித்துத் தீர்மானம் போட ஜூலை 1 வரை ஆயிற்று. பெரும்பாலான போர்கள் நிற்கவில்லை. கோவிட் பெருந்தொற்றை உலகம் கையாண்ட விதத்தை ஆராய அமைந்த சுயாதீனக் குழுவுக்கு, நியூசிலாந்தின் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கோடு சேர்ந்து தலைமையேற்றவர் எலன் ஜான்சன் சர்லீஃப்.

தயிர் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு நாளைக்கு ஒரு கரண்டி எடுத்துவைக்காத வீடு, பக்கத்து வீட்டில் கடன் வாங்கலாம். போர் நடந்த நாட்டில் பக்கத்து வீடும் காலியாகத்தான் இருக்கும். நோய் வரும்போது நிதி கோடிக்கணக்கில் பாய்கிறது, நோய் போனதும் நின்றுவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் குடிலின் கூரையை மாற்ற, கூட்டத்துக்கு வருபவரின் பேருந்துச் செலவைக் கொடுக்க, ஒருவருக்காவது மாதச் சம்பளம் தரப் பணம் இருப்பதில்லை. போரால் பாதிக்கப்பட்ட நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் நேரடியாகத் தரும் உதவியில் பெண்கள் அமைப்புகளுக்குப் போவது நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதிலும் பெரும்பாலானது ஓராண்டு ஈராண்டுத் திட்டங்களாக வருகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அதே மாதம் கிழக்குக் காங்கோவின் கோமா நகரம் எம்23 என்ற கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்தது, குரங்கம்மைச் சிகிச்சை முகாம்களிலிருந்து நோயாளிகள் உயிர் பிழைக்க ஓடினார்கள். அந்த ஊர்களில் பெண்கள் அமைப்புகள் இன்னும் இருக்கின்றன. உதவி தரும் அரசுகள் அடுத்த நோய் வந்தபின் அவர்களைத் தேடவேண்டாம், இன்றைக்கே அவர்களுக்கு ஐந்தாண்டுக்கான பணத்தைக் கொடுக்கட்டும்.